முடிவாகலைன்னு ஒரு பாடமா?

தன் மீன் வறுவல் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் பக்கத்து மேஜைப் பையனின் தோளைப் பிடித்துவிட்டாள் டார்லா கோவாச்.

"காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுறியாமே? என்ன பாடம்?"

"இன்னும் யோசிக்கல, மிஸஸ் கோவாச்."

"மீசை முளைச்சிருக்கு, யோசனை முளைக்கலையா?"

மேஜையே சிரித்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் அந்த உணவகத்தில்தான் இருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் டார்லாவின் கார் வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நுழைவார்கள்.

டார்லா பிரசவ வார்டில் நர்ஸ். கைகுலுக்கினால் விரல் தானாக நாடிக்குப் போய்விடும். வேலைக்குப் போகும்போதும் பாட்டு, திரும்பும்போதும் பாட்டு. கல்லூரிக்கு விண்ணப்பித்த அன்றே நர்ஸிங் என்று எழுதியவள், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. "கல்யாணத்துலகூட ரெண்டு நாள் சந்தேகம் வந்துச்சு. நர்ஸிங்ல வரவே இல்ல" என்பாள். "அந்த ரெண்டு நாள் எதுன்னு இதுவரைக்கும் சொல்லல" என்பார் கணவர் ராண்டி, தட்டிலிருந்த கோஸ் சாலட்டைக் கிளறியபடி.

இந்த வருஷம் விண்ணப்பிப்பது சொந்த மகள் ஹேட்டியின் முறை. அவளுக்குப் பாறைகள் பிடிக்கும், டிரம்ஸ் பிடிக்கும், போன மாதத்திலிருந்து பாலங்களும். டார்லாவோ 'வருங்கால நர்ஸ் இங்கே வசிக்கிறார்' என்று வீட்டு முன் புல்வெளியில் பலகையே நட்டுவிட்டாள். காரில் போகிறவர்கள் ஹார்ன் அடித்து வாழ்த்தினார்கள்.

"முடிவாகலைன்னே போடப் போறேன்மா."

"முடிவாகலைன்னு ஒரு பாடமா? அதுக்கு வாத்தியார் யாரு?"

"எனக்கு என்ன பிடிக்கும்னு பாக்க ஒரு வருஷம் குடும்மா."

"அப்புறம் நர்ஸிங்தான் வேணும்னு வந்து நின்னா? நீ போடுற யூனிவர்சிட்டில முதல்லயே எழுதினாத்தான்டி சீட்டு!"

"அப்ப நான் அழுதுக்கறேன். இப்பவே எதுக்கு ரெண்டு பேரும் அழணும்?"

டார்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது. தனக்குக் கிடைத்த சந்தோஷம் மகளுக்குக் கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் அவளுக்கு, வேறொன்றுமில்லை.

அக்டோபரில் பள்ளி நூலகத்தில் விண்ணப்ப நாள். அனுப்பி முடித்த பிள்ளை அங்கே தொங்கவிட்ட பெரிய மாட்டு மணியின் அருகே வந்து நிற்க வேண்டும். மணி, வருஷா வருஷம் உதவிக்கு வரும் டார்லாவின் பொறுப்பு. பேரையும் பாடத்தையும் ஊருக்கே கேட்கும்படி அறிவித்து, கட்டையால் ஓங்கி ஓர் அடி அடிப்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். பாடம் முடிவாகாதவர்களுக்கு மணி கிடையாது, ஒரு பிஸ்கட்டுதான். இது டார்லா போட்ட சட்டம். தலைமை ஆசிரியரே இதில் வாய் திறப்பதில்லை. அன்றும் நாலைந்து பேர் ஓரமாக நின்று பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்கள்.

ஹேட்டி வந்து நின்றாள். "அனுப்பிட்டேன்."

"என்ன பாடம்?" டார்லாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முடிவாகல." காது மடல் சிவந்திருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு; ஒளித்து வைக்கத் தெரியாத சிரிப்பு.

"பிஸ்கட்! பிஸ்கட்!" என்று வரிசையில் யாரோ குரல் கொடுத்தார்கள். டார்லாவின் கை டப்பாவுக்குப் போனது. மகளின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷமாக நர்ஸிங் என்று சொன்ன பிள்ளைகூட இன்று யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. டப்பாவை மூடினாள்.

"ஹேட்டி கோவாச்!" பிரசவ அறையிலிருந்து வராந்தாக் கோடி வரை கேட்கும் அதே குரல். "பாடம், இன்னும் முடிவாகல!"

இரண்டு கையாலும் அடித்தாள். கொண்டை அவிழ்ந்தது. நூலகர் காதைப் பொத்திக்கொண்டார். கைதட்டல் அடங்குவதற்குள் டார்லா ஓரத்துப் பக்கம் திரும்பினாள். "பிஸ்கட் வாங்கினவங்க எல்லாரும் திரும்பி வாங்கடா!" என்று கத்திவிட்டு, கட்டையை மறுபடி ஓங்கினாள்.