கலியாணக் கசற்றின் கடைசியில் ஒரு மயிர்க்கொட்டி

மயிர்க்கொட்டி பட்ட இடம் முதலில் சுள்ளென்று எரியும், பிறகு தடித்துச் சிவக்கும், அதன்பிறகு சொறியச் சொறிய இன்னும் சொறியச் சொல்லும். தமிழகத்து வாசகர்கள் கம்பளிப்பூச்சி என்பதைத்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். மாரி மழை விட்ட கையோடு எங்கள் வட்டுக்கோட்டை வளவு முருங்கைகளில் மரப்பட்டை தெரியாதபடி அவை அப்பிக் கிடக்கும். காய்ந்த ஓலையில் "சூள்" என்ற பந்தம் கட்டி அப்பா அவற்றைக் கொளுத்தும்போது எழும் கருகல் மணம் அன்று முழுக்கச் சோற்றிலும் இருக்கும். இதை நான் சொல்வதற்குக் காரணம், எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்தப் பூச்சியையே கதாநாயகனாக வைத்து எங்கள் வளவில் ஒரு படம் எடுத்தார்கள் என்பதும், அந்தப் பூச்சியின் உடம்புக்குள் தலையிலிருந்து மூன்றாவது ஆளாக நானும் ஊர்ந்தேன் என்பதும்தான்.

சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். அண்மையில் எங்கள் பகுதியில் எடுக்கப்பட்ட வீடியோப் படங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. "முருங்கைப் பூதம்" என்று நான் எழுந்து சொன்னபோது, பேசிக்கொண்டிருந்த படித்த நண்பர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுவும் ஒரு படமோ?" என்று கேட்டார். ஓம், அதுவும் ஒரு படம்தான். அதன் குறைகள் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கதாநாயகி வீட்டுக்குள்ளிருந்து பயந்து ஓடும்போது உச்சி வெயில், வாசலைத் தாண்டியதும் பின்னேரம். ஊர் அதிகாரியான விதானையாராக நடித்தவரின் மீசை ஒரு கன்னத்தில் மட்டும் நிற்கும். பூதம் உறுமும் இடமெல்லாம் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும். ஒரு காட்சியில் எங்கள் ஆடு வந்து பூதத்தின் முதுகு மயிரைச் சாவகாசமாகத் தின்னும். பூதத்துக்குப் பன்னிரண்டு கால்கள், அவற்றில் இரண்டில் ரப்பர் செருப்பு. செருப்புப் போட்டது நான்தான், முள் குத்தும் என்று கழற்ற மறுத்துவிட்டேன்.

எடுத்தவர் ரஞ்சன் அண்ணை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்தவர், சுற்றுவட்டாரத்துக் கலியாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்தவர். பின்னேரங்களில் தன் வீட்டு "டெக்"கில் எங்கோ மேல்நாட்டில் காசில்லாதவர்கள் எடுத்த பூதப் படங்களைப் போட்டுக் காட்டுவார். ரப்பர் நண்டு, பஞ்சு திணித்த வௌவால், முதுகில் ஸிப் தெரியும் முதலை மனிதன். நாங்கள் முதலில் அலறி, ஸிப்பைக் கண்டதும் உருண்டு சிரித்து, மறுபடி அலறுவோம். "பயப்பிடுத்தவேணும், ஏலாட்டிச் சிரிக்கவைக்கவேணும். ரெண்டும் ஒண்டா வந்திட்டா அதுதான் படம்" என்பார் அவர். அது எவ்வளவு பெரிய உண்மை என்பது வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு விளங்கியது. நாங்கள் உண்மையில் பயந்த எதற்கும் முதுகில் ஸிப் இருக்கவில்லை. காசைக் கொட்டி எடுத்த பெரிய படங்கள் அந்தச் சலுகையை எங்களுக்கு ஒருநாளும் தரவில்லை, இன்றும் தருவதில்லை.

பூதத்தின் உடுப்பைத் தைத்தது என் அப்பாவின் தங்கை, சரோ மாமி. முப்பது வயதைத் தாண்டியும் கலியாணம் சரிவராமல் எங்களோடு இருந்தவர், கையில் தையலும் வாயில் பகிடியும் குறையாதவர். சாக்குகளைப் பிரித்து நீளமாகப் பொருத்தி, தென்னந்தும்பைக் கரியில் தோய்த்து வரிசை வரிசையாகத் தைத்து, பெரிய பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்துத் தலையாக்கி, அதில் இரண்டு சிரட்டைகளைக் கண்ணாகக் கட்டினார். தலைக்குள் நுழைய ஒழுங்குபண்ணியிருந்த பெடியன் படப்பிடிப்புக்கு முதல்நாள் "ஏஜென்சி"க்காரனோடு கொழும்புக்குப் போய்விட்டான். ஜேர்மனிக்குப் போகிற அவசரத்தில் யார்தான் மயிர்க்கொட்டியை நினைப்பார்கள்? ரஞ்சன் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "தைச்ச எனக்குத் தெரியாத உடுப்போ? நான் பூருறன் உள்ளுக்கை" என்று மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடகத்துக்குள் தலையைக் கொடுத்தார். பின்னால் உடம்பாக நாங்கள் ஐந்து பிள்ளைகள். வெளியூரில் வேலையாய் நின்ற அப்பாவுக்குச் செய்தி போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. படத்தின் கடைசியில் மட்டையில் எழுதிக் காட்டும் பெயர்களில் மாமியின் பெயர் வரக்கூடாது என்பதை மட்டும் அவர் நிறைவேற்றிக்கொண்டார். "மயிர்க்கொட்டி: ஒரு நண்பர்" என்று போட்டார்கள்.

படப்பிடிப்பின் இரண்டாம் நாள் முற்பகல், நாங்கள் கிணற்றடியிலிருந்து வேலிவரை ஊர்ந்துகொண்டிருந்தபோது, அரியாலைப் பக்கமாகவோ அராலிப் பக்கமாகவோ, எந்தத் திசையென்று தெரியவில்லை, "ஹெலி", அதாவது இராணுவ ஹெலிகொப்டர், வரும் சத்தம் கேட்டது. பிறகு சூட்டுச் சத்தம். ரஞ்சன் அண்ணை கமராவை அதன் காலில் நின்றபடியே விட்டுவிட்டு ஓடினார். என் தாய்மாமன் வெட்டி வைத்திருந்த "பங்கர்" என்ற பதுங்குகுழி முருங்கைகளுக்கு நடுவில் இருந்தது. சாக்குக்குள் பிணைந்திருந்த எங்களைப் பிரிக்க நேரமில்லை. மாமி முழு மயிர்க்கொட்டியையும் அப்படியே திருப்பி, வால்பக்கத்தால் எங்களைப் பங்கருக்குள் தள்ளினார். நாங்கள் ஐந்து பேரும் உள்ளே போய்விட்டோம். கடகத்தலை வாசலுக்குள் நுழையவில்லை. கழற்ற முடியாதபடி தோளோடு கட்டியிருந்தது. அவர் வாசலை அடைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். இருட்டில் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், "ஒண்டுமில்லை பிள்ளையள், அது போகுது, போகுது" என்ற குரல் கடகத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

கமரா ஓடிக்கொண்டே இருந்தது. ரஞ்சன் அண்ணை அந்தத் துண்டை வெட்டாமல் படத்திலேயே வைத்தார். வாசிகசாலையில் முதற்தரம் போட்டபோது, பேரிரைச்சல் கேட்டு இராட்சத மயிர்க்கொட்டி பின்பக்கமாகப் பொந்துக்குள் போவதையும், தலை மட்டும் வெளியில் நின்று வானத்தைப் பார்த்து நடுங்குவதையும் கண்டு, சனம் கண்ணீர் வரச் சிரித்தது. "பூதத்துக்கும் ஹெலிப் பயமடா!" என்று ஒருவர் கத்தினார். பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கி, எல்லோரும் அந்தத் தலையையே பார்த்தார்கள். நல்ல படங்கள் என்று பட்டியல் போடுகிறவர்களின் எந்தப் படத்திலும் ஒரு கூட்டம் அப்படிச் சிரித்து அப்படி அடங்கியதை நான் காணவில்லை.

ஊருக்குள் நின்றுவிட்டிருக்கவேண்டிய படத்தை ரஞ்சன் அண்ணை ஒரு கள்ள வழியால் உலகமெல்லாம் அனுப்பினார். வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் போகும் மூன்று மணித்தியாலக் கசற்றில் கலியாணம் இரண்டரை மணித்தியாலத்தோடு முடிந்துவிடும்; மிஞ்சிய நாடாவை வீணாக்குவானேன் என்று, பொம்பிளையும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனபிறகு மயிர்க்கொட்டியை ஊரவிட்டார். ஒரு பொம்பிளையின் தகப்பன் கசற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ரை மேள் அழுது வெளிக்கிடுற இடத்திலை என்னடா இது பூச்சி?" என்று ஒழுங்கை அதிரக் கத்திவிட்டு, ஒரு கிழமை கழித்து மற்றக் கசற்றிலும் அதைப் பதியச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார், பேரப்பிள்ளைகளின் தொல்லையாம்.

அடுத்த வருடம் சரோ மாமிக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை ஜேர்மனியில், சாதகம் பொருத்தம், சீதனமும் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மனுசி கடைசியாக ஒருதரம் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். தேத்தண்ணி குடித்தபடி நல்ல மனதோடுதான் கதையைத் தொடங்கினார். "என்ரை மூத்தவளின்ரை கலியாணக் கசற்றிலை கடைசியிலை ஒரு மயிர்க்கொட்டி வருது. அதைப் போடாட்டிப் பேரன் சாப்பிடான். இஞ்சைதானாமே எடுத்தது? உள்ளுக்கை இருந்தது ஆர்?"

"அது ஒரு பெடியன், இப்ப வெளிநாட்டுக்குப் போயிட்டான்" என்றார் அப்பா உடனே. அந்தப் பதிலை அவர் முதலே ஆயத்தமாக வைத்திருந்தார் போலும்.

மாமி நிமிர்ந்து பார்த்தார். "இல்லை அண்ணை. அது நான்."

"பகிடி விடுறியோ பிள்ளை?" என்றார் தாய்மனுசி.

"பகிடி இல்லை. ஹெலி வரேக்கை வெளியிலை நிண்டதும் நான்தான்."

தாய்மனுசி தேத்தண்ணியைப் பாதியோடு வைத்தார். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். யாழ்ப்பாணத்தில் அதன் பொருள் "வேண்டாம்" என்பதுதான். சாதகம் பொருந்தவில்லையாம் என்று நாலு நாளில் தரகர் வந்து சொன்னார்.

அன்று அப்பா போட்ட சத்தத்துக்கு நாங்கள் பிள்ளைகள் அடுப்படிக்குள் ஒளிந்தோம். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா என்ன? பெரிய வீரம் காட்டிப்போட்டாய்!" மாமி அழுதுகொண்டேதான் பதில் சொன்னார், ஆனால் குரல் தளரவில்லை. "என்னைப் பாக்க வந்த ஆக்கள் எல்லாரும் என்ரை நிறத்தைப் பாத்தவை, நடையைப் பாத்தவை, பல்லைப் பாத்தவை. நான் செய்த ஒண்டைப் பாத்துச் சனம் கைதட்டினது அந்தப் படத்திலை மட்டும்தான் அண்ணை. அதையும் ஆரோ ஒரு பெடியனுக்குக் குடுக்கச் சொல்லுறியளோ? நான் குடுக்கமாட்டன்."

மாமி கலியாணம் செய்யவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் என்று அப்பா சாகும்வரை சொன்னார். மாமி ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து சனமெல்லாம் எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவில், வீட்டிலிருந்த எங்கள் கசற்றை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, முருங்கைகளும் இல்லை. ரஞ்சன் அண்ணையின் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அவர் எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

போன வருடம் மாமியும் போய்விட்டார். அதன்பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று அந்தக் காலத்தில் கலியாணம் செய்த எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கசற்றை இறுவட்டாக, அதாவது சீடியாக, மாற்றியாயிற்று. கடைக்காரன் கார் புறப்படும் இடத்தோடு நிறுத்திவிட்டான். மிச்சம் ஏதோ குப்பையாம். ஒரு பெண் மட்டும் சிரித்துக்கொண்டு, "அந்தக் கலியாணமே முறிஞ்சுபோச்சு அக்கா. பூச்சியை வைச்சிருந்தாலாவது இண்டைக்குப் போட்டுப் பாத்திருப்பன்" என்றார்.

எனவே வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரியில் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பழைய கலியாணக் கசற் ஒன்று மாற்றப்படாமல் இன்னும் கிடந்தால், கார் போனதும் நிறுத்திவிடாதீர்கள், ஓடவிடுங்கள். தும்பு உதிரும், ஆடு தின்னும், சேவல் கூவும், தாராளமாகச் சிரியுங்கள். பிறகு ஒரு தலை மட்டும் பங்கர் வாசலில் தனியே நிற்கும். கடைசி மட்டையில் எழுதியிருப்பது பொய். அவர் பெயர் சரோஜினி.