மஞ்சுவின் வால் நுனி

கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஒரு கார் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாகப் பெயிண்ட் கலக்குகிறவர் கன்னையா. இடிபட்ட காரின் கதவை ஒரு தடவை பார்த்தால் போதும். கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கை ஒதுக்கிவிட்டு, "இது வெயில்ல காஞ்ச வெள்ளை பாஸ், ஒரு சொட்டு மஞ்சள் விடணும்" என்பார். விட்டால் நிறம் அப்படியே பொருந்திவிடும். கலர் விஷயத்தில் அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை, கட்டிக்கொண்டவரைத் தவிர.

பாம்பு வளர்க்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் மனைவி உஷாராணி இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் கன்னையாவுக்கு நிம்மதியாகப் போனது வேறு விஷயம். மூன்றாம் நாள் பெர்மிட், கண்ணாடிப் பெட்டி சகிதம் ஒரு மலைப்பாம்புக் குட்டி கிள்ளான் வீட்டுக்குக் குடிவந்தது. விரல் தடிமன்தான். கம்பின்மேல் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி சுருண்டிருந்தது. நல்ல மஞ்சள் நிறம்.

உஷாராணி எட்டிப் பார்த்தார். "மங்களகரமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுதான். இன்னொண்ணு வந்துச்சு, ரெண்டும் வெளிய போகும். பின்னாடியே நீங்களும்." மஞ்சு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

இந்த வகைப் பாம்பு குட்டியில் மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும். ஒரு வயதை ஒட்டிப் பச்சையாகிவிடும். கன்னையாவுக்குத் தெரியும், சொல்லவில்லை. மங்களகரத்தைக் காட்டி அனுமதி வாங்கியவர், அதற்குக் காலக்கெடு உண்டு என்று ஏன் சொல்லப்போகிறார்? ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சொல்கிறார்களா என்ன?

பிறகு மகள் விஷ்ணுப்ரியாவின் பிரசவத்துக்காக உஷாராணி ஜொகூர் பாரு கிளம்பினார். வாசலில் நின்று கட்டளை போட்டார்: "பிள்ளை பெத்த வீட்டுக்கு போன் பண்ணி பாம்புப் பேச்சு பேசக்கூடாது. போட்டோவும் வரக்கூடாது."

கன்னையா மீறவில்லை. மூன்றாம் வாரம் மஞ்சுவின் முதுகில் பாசி படிந்தாற்போல் ஒரு பச்சை தெரிந்தது. சொல்ல ஆளில்லை. பட்டறையில் காருக்கு அடிக்குமுன் சின்ன அட்டையில் அடித்துப் பார்ப்பது வழக்கம். அதேபோல வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சுவின் அன்றைய நிறத்தைக் கலக்கி, அட்டையில் அடித்து, பின்னால் தேதி எழுதினார். எலுமிச்சையில் தொடங்கி, மாங்காய்த் தோல், வாழைக்குருத்து என்று போய் வெற்றிலையில் முடிந்தது. பதினான்கு அட்டைகள். நிறம் மாறும் பெரிய மனிதர்கள் இப்படித் தேதி போட்டு வைப்பதில்லை. பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான் என்பார்கள்.

நான்கு மாதம் கழித்து உஷாராணி திரும்பினார். பையைக்கூட இறக்கவில்லை.

"மஞ்சு எங்க?"

"இதான் மஞ்சு."

"இது பச்சையா இருக்கு."

"மாறிடுச்சுலா. வளந்தா மாறும்."

"என்னங்க, பேரனைப் பாக்கத்தான் போனேன், மூளைய அங்க வச்சிட்டு வரல. மஞ்சுவ யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு வேற ஒண்ண வச்சிருக்கீங்க."

கன்னையா பெருமையோடு அட்டைகளை மேசையில் பரப்பினார். உஷாராணி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க பெயிண்ட் கலக்குற ஆளு. கேட்டா வானவில்லையே அடிச்சுத் தருவீங்க. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

இருபத்தெட்டு வருடத் திறமை ஒரே கேள்வியில் கவிழ்ந்தது.

"மஞ்சு இல்லாத வீட்டுல வேற பாம்புக்கு இடமில்ல. இன்னிக்கே வாங்கின கடையில விட்டுட்டு வாங்க."

கன்னையா பெட்டியைத் திறந்து, பாம்பைக் கம்போடு தூக்கினார். வால் அவிழ்ந்து தொங்கியது. நுனியில் அரை அங்குலம் இடப்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தது.

உஷாராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வாயில் கை வைத்தார்.

"இருங்க. இது மஞ்சுதான்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்லா."

"அதான் எப்படி?"

"வந்த புதுசுல தண்ணி வச்சிட்டு மூடிய சாத்தினேன். வாலு வெளிய இருந்தத பாக்கல. நசுங்கிடுச்சு. மஞ்சப்பொடி வச்சி விட்டேன். பாம்பும் மஞ்ச, மருந்தும் மஞ்ச. கலர்ல பெரிய ஆளாச்சே, ஒரு வாரம் பாத்தீங்களே, கண்டுபிடிச்சீங்களா?"

கன்னையா பாம்பை மெல்லப் பெட்டிக்குள் விட்டார். "நானும் ஒண்ணு சொல்லல. இது பச்சையாகும்னு வாங்கறப்பவே தெரியும்."

"அப்ப சரியாப் போச்சு," என்று உஷாராணி பையை இறக்கினார்.

மறுநாள் காலை மேசையில் பதின்மூன்று அட்டைகள்தான் இருந்தன. வெற்றிலைப் பச்சை உஷாராணியின் கைப்பையில் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தது. பேரனின் காதுகுத்துக்குப் புடவை எடுக்கவேண்டும். கடைக்காரர் எதை எடுத்துப் போட்டாலும் உஷாராணி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையை ஆட்டினார்:

"இதில்ல அண்ணே. இந்தப் பச்சை அப்படியே வேணும். எங்க வீட்டுக்காரர் கலக்கினா தப்பாது."