அழிக்காத பெயர்

செண்பகவல்லியிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. ஜெராக்ஸ் கடைக்காரி; புரோகிராம் எழுதத் தானே படித்துக்கொண்டவள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேடும் எங்கள் பந்தலுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் போட்டோவைத் திரையில் போடுவாள், நான் மைக்கில் கத்துவேன்.

போன வருடம் மதியத்துக்குள் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. தேன்மொழி என்ற மூன்று வயதுப் பிள்ளையின் போட்டோவைப் போட முடியவில்லை. தாய் ரதவீதியெல்லாம் தேடி வந்து சேரும்வரை, பிள்ளை பந்தலில் இரண்டு மணி நேரம் அழுதது.

பந்தல் பொறுப்பாளர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "அடுத்த வருசமும் நின்னுச்சுன்னா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவேன். பேரு எழுத நோட்டு போதும்."

"நிக்காது அண்ணாச்சி. ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கேன்."

"ஏட்டி, மெஷின் பழசு. புதுசு கேளு" என்றேன் நான். முறைத்தாள்.

கடையில் கூட்டம் குறையும் நேரமெல்லாம் பழைய போட்டோக்களை ஏற்றுவாள், அழிப்பாள், மெமரி அளவைப் பார்ப்பாள். எத்தனை அழித்தாலும் அளவு இறங்கவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"போட்டோவ அழிச்சா அந்த இடம் புரோகிராம் கையிலயேதான் கிடக்கு. கடைசியில இருந்து சேந்தாப்புல காலியானாத்தான் சிஸ்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். இங்க ஒவ்வொரு போட்டோவுக்குப் பின்னாலயும் ஒரு பேரு உக்காந்திருக்கு. நடுவுல உள்ள காலி இடத்துல அடுத்த பெரிய போட்டோ அடங்காது. அது புதுசா இடம் கேக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் தபசுக் காட்சி முடியும்வரை, கிடைத்தவர் பெயரையும் அழிக்கக்கூடாது. அழித்தால் ஆள் மறுபடி தொலைவார் என்பது எங்கள் பந்தலின் பயம். அதைச் சட்டமாக்கியவனே நான்தான்.

"அப்ப பேரையும் அழிச்சிருவோம்" என்றேன்.

"எதுக்கு? பேரு இருக்கட்டும். அதுக்குத் தொடக்கத்துலயே தனி இடம் ஒதுக்கியாச்சு. போட்டோ ஒவ்வொண்ணுக்கும் சிஸ்டத்துக்கிட்ட தனித்தனியா இடம் வாங்கி, ஆளு கிடைச்சதும் அப்படியே திருப்பிக் கொடுத்திருதேன்."

இந்த வருடத் தபசன்று அண்ணாச்சி மடியில் நோட்டை விரித்தே உட்கார்ந்திருந்தார். மதியம் கடந்தது. மெமரி ஏறியது, இறங்கியது. காட்சி நேரத்து நெரிசலிலும் போட்டோக்கள் சட்டென்று வந்தன. நோட்டு விசிறியாகிவிட்டது.

காட்சி முடிந்தது. இந்த வருடம் தொலைந்த அறுபத்து மூன்று பேரும் வீட்டாருடன் போயிருந்தார்கள். பெயர்களை அழிக்க உட்கார்ந்தாள். பட்டியலில் அறுபத்து நான்கு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் தேன்மொழி.

"இது போன வருசத்துப் பிள்ளைல்லா?" என்றேன்.

"ஆமா. புரோகிராம் சரியா ஓடுத வரைக்கும் அழிக்கமாட்டேன்னு வச்சிருந்தேன்" என்றாள்.

அந்தப் பெயரை முதலில் அழித்தாள்.