வேர் பிரெஞ்சில், கிளை இங்கிலீஷில்

தெருவில் மின்கம்பியை உரசும் புளியமரத்தை அறுக்கிறார்கள். பச்சைக்கட்டை வாசனை வந்ததும், சின்ன வயதில் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்த எங்கள் ஊர் மடுகரை நினைவுக்கு வந்தது.

எங்கள் புளியமரத்தின் வேர் பிரெஞ்சு மண்ணில். கிளை சாய்ந்திருந்ததோ எல்லை வரப்பு தாண்டி, இங்கிலீஷ்காரன் மண்ணிலிருந்த அத்தை வீட்டுக் கூரைமேல். அடுத்த புயலுக்குத் தாங்காது என்று அப்பா வெட்டத் துணிந்தார். முதல்நாள் சாயங்காலமே கோடாலியை அடிமரத்தில் சாய்த்துவைத்து, அண்ணாந்து, "குடியிருக்கிறவங்கல்லாம் வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

"எங்க போவும்ப்பா?" என்றேன்.

"அதுங்க இஷ்டம்."

விடிந்ததும் அத்தை கத்தினாள். செவ்வெறும்புகள் கிளைவழியே அவள் கூரைக்குள் சாரிசாரியாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாண்ணே, பிரெஞ்சுக்காரன் எறும்பையெல்லாம் எங்க வூட்டுக்கே அனுப்பிட்டியா?"

இன்று அறுக்க வந்தவர்கள் மரத்திடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலமே நான் சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து என் சமையலறையில் எறும்பு.