இழுப்பறைக் குமிழ் வைத்த தையல் மெஷின்

அவரை எல்லாரும் சீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டாடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ்களுக்கும் லாரிகளுக்கும் இருக்கை உறை தைக்கிறவர். கனத்த ரெக்சினைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் காய்த்துப்போன மனிதர். தன் சட்டையையும் தானே தைத்துக்கொள்வார். வேறு யார் கையிலும் துணியைக் கொடுப்பதே இல்லை. ஏன் என்று கேட்டால், "கொடுத்துப் பார்த்தாச்சு" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

கொடுத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அண்ணியிடம்.

தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர் அவர். சோறு போட்டது, தலை வாரிவிட்டது, முதுகில் நாலு வைத்தது எல்லாம் அண்ணிதான். அந்த வீட்டில் கையால் சுற்றுகிற பழைய தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடி உடைந்தபோது அண்ணன் மேசை இழுப்பறையின் மரக் குமிழைக் கழற்றி அதில் மாட்டிவிட்டார். மெஷின் ஓடியது. இழுப்பறைக்கு ஒரு கயிறு கட்டி இழுத்துக்கொண்டார்கள்.

பஸ் கூண்டு கட்டும் தூரத்துப் பட்டறையில் வேலை கிடைத்தபோது, புதுச் சட்டையோடு போய் இறங்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. நல்ல ஊதாவில் துணி எடுத்து வந்தார். வீடே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்காமல் துணியை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அண்ணி தினமும் உட்கார்ந்து தன் பிள்ளைகளின் நீலச் சீருடையைத் தைத்தாள். ஊதாத் துணி இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் பழைய சட்டையோடு பஸ் ஏறினார். என்ன இருந்தாலும் அவள் பிள்ளைகள் அவளுக்கு முக்கியம், நான் யார் என்று வழியெல்லாம் மனதுக்குள் பொருமிக்கொண்டே போனார்.

அடுத்த வருஷம் லீவில் வந்தபோது, வேண்டுமென்றே கடையில் வாங்கிய ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நல்லா இருக்குடா" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். வீடு மாறியதில் மெஷினை விற்றாகிவிட்டது என்றார்கள். துணி என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை. அப்புறம் இத்தனை காலமும் போக்குவரத்து நிற்கவில்லை. போனால் வயிறு நிறையச் சாப்பாடு, அவருக்கென்று எடுத்து வைத்திருக்கும் தலையணை. "தலையணைக்கெல்லாம் பொத்தான் வச்சுத் தைக்கறது உங்க வீட்ல மட்டும்தான் அண்ணி" என்று கேலி செய்வார். ஆனால் மனதில் அந்த முள் இருந்துகொண்டே இருந்தது. பெண்டாட்டியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

போன மாதம் பழைய சாமான் கடைத் தெருவில் ஒரு கைமெஷினைப் பார்த்துவிட்டு நின்றார். கைப்பிடியில் ஓர் இழுப்பறைக் குமிழ். உலகத்தில் எத்தனை அண்ணன்கள் இந்த வேலை செய்தார்களோ என்று தோன்றியது. இருந்தாலும் கால் நகரவில்லை.

கடைக்காரம்மா பழைய மெஷின்களுக்கு விலை சொல்வதில் கெட்டிக்காரி. கீழே பதித்திருந்த வரிசை எண்ணைத் துடைத்துப் பார்த்தாள்.

"நூறு வயசு தாண்டிடுச்சுண்ணே. ஆனா வயசை வச்சு விலை போடக் கூடாது. இந்த மாதிரியை லட்சக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்காங்க. மேல வரைஞ்ச தங்கப் பூ அழியாம இருந்தா அழகுக்கு வாங்குவாங்க. இதுல கை பட்டுப் பட்டுப் பாதி போயிடுச்சு. குமிழும் ஒட்டுப் போட்டது. அதுக்கும் விலையைக் குறைச்சுக்கணும்."

"குமிழ் இருக்கட்டும்மா. யார் வீட்ல இருந்து வந்துச்சு?"

"பெரிய வீடு. வாங்கின நாள்ல இருந்து பூச்சாடி வைக்கத்தான் வச்சிருந்தாங்களாம். ஒரு நாள்கூடத் தைக்கலையாம்." ஊசிக்கு அடியிலிருந்த தகட்டை நகர்த்திப் படகு போன்ற சின்ன உறையை எடுத்தாள். "பார்த்தீங்களா, பழைய பாபின் அப்படியே இருக்கு. இது இருந்தா விலை கொஞ்சம் ஏறும். நூலைத்தான் உருவி எறியணும், துரு ஏறிடும்."

"எறியாதீங்க" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாபினில் மிச்சமிருக்கும் நூலை எடுக்காமல், அதன் மேலேயே அடுத்த நிறத்தைச் சுற்றுவாள். தையல் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். சீட்டுக்காரர் நூல் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். மேல் சுற்று ஊதா. கொஞ்சம் ஓடியதும் அடியில் பள்ளிச் சீருடையின் நீலம் எட்டிப் பார்த்தது. அதற்கும் அடியில் அண்ணன் சட்டையின் வெள்ளை. அந்த வீட்டில் ஊதா உடுத்த ஆசைப்பட்ட பைத்தியம் ஒன்றுதான். அது இப்போது கடை வாசலில் வாயைப் பிளந்து நின்றது.

பேரம் பேசாமல் வாங்கினார். கடைக்காரம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, தான் தைத்த பஸ் இருக்கையிலேயே உட்கார்ந்து நேரே அண்ணி வீட்டுக்குப் போனார்.

அண்ணன் காலமாகி வெகுநாள் ஆயிற்று. அண்ணிக்குப் பார்வை மங்கல். மெஷினைத் தடவிக்கொண்டே வந்த விரல் குமிழில் நின்றது. சிரித்தாள்.

"அடேய், இது நம்ம வீட்டுதுடா. அந்த மேசை இன்னும் கயித்துலதான் திறக்குது."

"அண்ணி, இதுல ஊதா நூல் இருக்கு."

"இருக்கும். கடைசியா உன் சட்டையைத்தானே தச்சேன்."

இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டார். "அப்போ ஏன் குடுக்கலை?"

"பிள்ளைங்க சீருடை முடிஞ்சாத்தான் வாத்தியார் உள்ள விடுவார். அதை முடிச்சுட்டு உன்னோடதை எடுத்தேன், அதுக்குள்ள நீ கிளம்பிட்டே. லீவுக்கு வருவியே, கையில குடுக்கலாம்னு வச்சிருந்தேன். நீ கடைச் சட்டையில ஜம்முனு வந்து நின்னே. அதுக்கு முன்னாடி என் தையலை எப்படிடா நீட்டறது?"

"அப்புறம் அந்தச் சட்டை?"

"நல்லாக் கேட்டே போ. நீ வர்றப்பல்லாம் தலைக்கு வச்சுத்தானே படுக்கறே."

எழுந்து போய்த் தலையணையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகிப்போன உறை. நடுவில் வரிசையாகச் சட்டைப் பொத்தான். மேல் பொத்தானைக் கழற்றி மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். வெயில் படாத அந்த இடத்தில் ஊதா அப்படியே இருந்தது. அண்ணிமேல் அவர் இத்தனை வருஷம் கோபமாக இருந்தது இதன் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டுதான்.