சிலுவையை யாரும் முந்தக் கூடாது

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு சாவு விழுந்தால் முதலில் அழுவார்கள், அடுத்து ஆன்சிக்கு போன் போடுவார்கள். ஐஸ் பெட்டி அவளுடையது. அதை ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி என்னுடையது. உடலைப் பெட்டியில் கிடத்தி, வயரை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று கண்ணாடி மேல் கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு பெட்டி திரும்பும்வரை அதே தெருவில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் பக்கத்துக் கரண்டை நம்பிப் பெட்டியை விட்டுவிட்டு வர முடியாது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஜெபமாலை உருட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் உண்டு. அவள் போனில் கேம் ஆடிக்கொண்டிருப்பாள்.

என் பெயர் டில்லிபாபு. தண்டையார்பேட்டைக்காரன். ஆன்சி ரொம்பப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் பழிவாங்கினாள். நன்றாக, ஊர் பார்க்க, வட்டியோடு வாங்கினாள். பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்து மழுப்பாதீர்கள்.

கேமில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய அரக்கன் வருவான். பாஸ் என்பார்கள். ஆன்சி ஆடுவதே அந்த பாஸுக்காகத்தான். சாவு வீட்டு வாசல்களில் அவள்கூட உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பாஸ்களைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயமெல்லாம் எனக்கு மனப்பாடம். நல்ல பாஸ் அடிக்குமுன் கையை ஓங்கிக் காட்டுவான். காட்டாமல் அடித்தால் அது கேமைச் செய்தவனின் சோம்பேறித்தனம். குட்டிப் பேய்களை ஏவிவிட்டுப் பின்னால் ஒளிகிறவன் கோழை, அந்தக் குட்டிகள் மேல் ஓர் அம்பைக்கூட வீணாக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பாஸானாலும் உடம்பில் ஓரிடம் பளபளக்கும். அவன் அதைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிவான். அங்கேதான் போட வேண்டும். தோற்றவன் மண்டியிட்டு அழ, ஜெயித்தவன் தூக்கி நிறுத்தி மன்னிக்கிற காட்சி வந்தால் ஆன்சிக்கு அருவருப்பு. உடனே தாண்டிவிடுவாள். "பாதி உசுரோட வுட்டா மறுபடி மீதிய ரொப்பிகினு வருவான்" என்பாள்.

நிஜத்தில் அவளுக்கு வாய்த்த பாஸ் சவரிநாதன். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்கள் தெரு மரணச் சபையின் தலைவர். சபை கோயிலுடையது அல்ல, தெருக்காரர்களுடையது. தெருவில் கத்தோலிக்கர் யார் இறந்தாலும் சபை தன் பித்தளைச் சிலுவையை, தெருப்பேச்சில் குருசை, அனுப்பும். ஆள் உயரம், நல்ல கனம். கறுப்புத் துணி கட்டிய சிலுவை முன்னால் போக, பேண்டும் சவப்பெட்டியும் சனமும் பின்னால் போகும். கல்லறைவரை அதை யாரும் முந்தக் கூடாது. அது நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். அவசரத்தில் ஒருமுறை முந்திவிட்ட பேண்டு மாஸ்டரை அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று துரத்தியவர் இதே சவரிநாதன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மங்கிய சிலுவை பிணத்துக்கு முன்னால் போகாது. ஒவ்வொரு சாவுக்கும் பெண்கள் புளியும் செங்கல் தூளும் போட்டு அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். தூக்குவது மட்டும் ஆண்கள். பெண் கை தேய்க்கலாம், தூக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் நம்பிக்கை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

தேய்ப்பதில் கெட்டிக்காரி ஆன்சியின் அம்மா டோரதி. காசிமேட்டில் மீன் விற்றவள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து தேய்ப்பவள் சவரிநாதனின் மனைவி ஐரீன். இருவரும் தெருக்கதை பேசிக்கொண்டே தேய்த்தால் சிலுவையில் முகம் பார்க்கலாம்.

ஆன்சி கட்டிக்கொண்டது வியாசர்பாடி சித்தார்த்தை. பௌத்தக் குடும்பம், அரசு அலுவலகத்தில் கிளார்க். பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள், இருவரும் மதம் மாறவில்லை. அதே தெருவில் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாதா படம், பக்கத்திலேயே புத்தரும் அம்பேத்கரும். டோரதி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள், அங்கேதான் செத்தாள்.

அவளுக்குச் சிலுவை வரவில்லை. மாதா கோயில் சாமியார் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். அவருக்கு இல்லாத உறுத்தல் சவரிநாதனுக்கு இருந்தது. கேட்கப்போன ஆன்சியைச் சபை அறை வாசலிலேயே நிறுத்தினார்.

"புத்தர் படம் மாட்டன வூட்டுக்கு குருசு வராது. அது எங்க மத சுதந்திரம். கோர்ட்டே வந்தாலும் கேக்க முடியாது."

உன் புருஷன் ஆட்களின் விகாரையில் நான் போய் ஜெபமாலை சொன்னால் விடுவார்களா என்று வேறு மடக்கினார். அந்தக் கேள்வியில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் கமிட்டி ஆட்கள் தலையை ஆட்டினார்கள். என்ன நியாயம்? விகாரைக்குள் ஜெபமாலை சொல்ல யார் கேட்டது? ஆயுசெல்லாம் ஒருத்தி தேய்த்த பித்தளை அவளுக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். டோரதியின் உடல் சிலுவை இல்லாமல் போனது. ஐரீன் தன் வீட்டு வாசலில் நின்று அழுதாள். கணவர் தெருவில் இறங்கவிடவில்லை.

சித்தார்த் வழக்குப் போடலாம் என்றான். மதச் சுதந்திரம் தருகிற பிரிவே மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது, யாரைக் கும்பிடுவது என்பது அவர்கள் இஷ்டம், யாரை மனுஷனாக மதிப்பது என்பது அவர்கள் இஷ்டம் கிடையாது என்று எனக்கே வகுப்பு எடுத்தான். வக்கீல் வேறு மாதிரி சொன்னார். சபை தனியார் அமைப்பு, தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ள அதற்கும் ஒரு பிரிவு துணைக்கு வரும், இழுத்துக்கொண்டே போகும் என்றார். சித்தார்த் அதற்கும் தயார். ஆன்சி தயாராக இல்லை.

"நான் செத்தப்புறம் தீர்ப்பு வந்து இன்னா ஆவப்போவுது? அவன் எத்த பளபளன்னு காட்டிகினு திரியறான், அத்த பாரு" என்றாள்.

மறுநாளே காசிமேட்டுக்குப் போய் மீன்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அடைக்கலமேரிதான் டோரதிக்கு அப்புறம் தேய்க்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. மற்ற சாவுகளுக்கு எப்போதும்போல் தேய்த்துக்கொடுங்கள், சவரிநாதன் வீட்டில் சாவு விழும் அன்று மட்டும் ஒருத்தியும் புளியைத் தொடக் கூடாது என்று ஆன்சி கேட்டுக்கொண்டாள். பெண்கள் சத்தியம் செய்தார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் சாதி விட்டோ மதம் விட்டோ கட்டிய பிள்ளை ஒன்று இருந்தது. அடுத்து எந்த வீட்டுக்குச் சிலுவை வராது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

இரண்டு வருஷம், இரண்டு கல்லறைத் திருநாள் போயிற்று. பிறகு ஒரு மே மாதத்தில், சவரிநாதன் போகாமல், ஐரீன் போய்விட்டாள்.

அவர் வேறு எங்கெங்கோ பெட்டிக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வெயில் காலம், எல்லாப் பெட்டியும் வெளியே போயிருந்தன. கடைசியில் ஆன்சிக்கு போன் வந்தது. போகாதே, அவரே வந்து வாசலில் நிற்கட்டும் என்று நான் குதித்தேன். அவள் ஏற்கெனவே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பொட்டிக்கு மதம் கெடையாது டில்லி. அவனுக்குத்தான் கீது."

போய் ஐரீனின் முகத்தைத் துடைத்துத் தலைவாரிவிட்டதும் அவள்தான். நிஜமாகவே அழுதாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். இத்தனை நாள் பல்லைக் கடித்தது எல்லாம் இந்தக் கண்ணீரில் கரைந்து போச்சே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சிலுவையைக் கொண்டுவந்து அடிபம்பு பக்கத்தில் பலகை மேல் வைத்தார்கள். புளி ஊறிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஐரீனுக்காக மாரில் அடித்துக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கமிட்டி ஆள் வந்து கூப்பிட்டான், காதில் விழாததுபோல் இருந்தார்கள். அடைக்கலமேரிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஐரீன் பாவம் என்று எழப்போனாள்.

"ஐரீன் அக்காவுக்கு குருசு வரும். ஒக்காரு" என்றாள் ஆன்சி. அடைக்கலமேரி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சவரிநாதன் சிக்கிக்கொண்டார். துறைமுகத்தில் துருப்பிடித்த இரும்புச் சங்கிலிகளை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்த ஆள். பித்தளைக்கும் அதே வைத்தியம்தான் என்று நினைத்துவிட்டார். பொம்பளைகளிடம் கெஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லி, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை வாங்கிவரச் செய்து தன் கையாலேயே ஊற்றினார். புகை அடங்கியதும் பார்த்தால், தேமல் வந்த உடம்புபோல் சிலுவை முழுக்கத் திட்டுத் திட்டாக ரோஸ் நிறம். ஆயுசெல்லாம் அதைத் தூக்கிய ஆண்களில் ஒருவனுக்காவது அதைத் துலக்கத் தெரியவில்லை.

பேண்டுக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். கோயிலில் சாமியார் காத்திருந்தார். சவரிநாதன் நேராக ஆன்சியிடம் வந்தார். அவள் போனில் ஆடிக்கொண்டிருந்த கேமை நிறுத்தவில்லை.

"நீதாம்மா சரி பண்ணணும். ஐரீனுக்காவது பண்ணு" என்றார்.

ஆன்சி போனை அணைத்து மடியில் வைத்தாள். கத்தோலிக்கர் யார் செத்தாலும் எந்த வீடு என்று பார்க்காமல் சிலுவை போக வேண்டும், இன்றிலிருந்து பெண்களும் தூக்குவார்கள் என்றாள். இது சபையின் நம்பிக்கை, மத விஷயம் என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டுத் தன் கமிட்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் நம்பிக்கைய நான் தொடல. நீ எப்டி வேணா கும்புட்டுக்கோ. தெருவுக்கே பொதுவான குருசு எங்க வூட்டுக்கு வராது, எங்க கை அத்த தூக்கக் கூடாதுன்னா, தேய்க்கறதையும் நீங்களே தேய்ச்சிக்குங்க."

சவரிநாதன் ஐரீன் கிடந்த பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தார். பிறகு சரி என்றார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னாள், சொன்னார். இதோடு விடுவாள் என்று நினைத்தேன். அவள் ஊறிய புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வெள்ளைச் சட்டையோடு தலைவர் மண்ணில் உட்கார்ந்து தேய்த்தார். பெண்கள் சுற்றி நின்று, அந்த முனையில் இன்னும் கறை இருக்கிறது, அழுத்தித் தேயுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செங்கல் தூள் தீர்ந்துபோனது. ஓடிப்போய் இன்னொரு கல்லை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. புளித்தண்ணீர் வழிந்து அவர் சட்டை பழுப்பாகிவிட்டது. திட்டுகள் தேயத் தேய மஞ்சள் வந்தது. டோரதி தேய்த்த பளபளப்பு வரவில்லை, போதுமான அளவுக்கு வந்தது.

கறுப்புத் துணியைக் கட்டிச் சிலுவையை ஆன்சி தூக்கினாள். முதல் சில அடிகள் தள்ளாடினாள், அப்புறம் சரியாகிவிட்டது. பேண்டு அடிக்க, ஐரீனைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. கோயிலுக்குப் போகிற வழியில்தான் ஆன்சியின் வீடு. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு சித்தார்த் வாசலில் நின்றிருந்தான். உள்ளே சுவரில் புத்தரும் அம்பேத்கரும் மாதாவும், அவர்களுக்குக் கீழே டோரதியின் போட்டோவும் தெருவிலிருந்தே தெரிந்தன. அந்த வாசலுக்கு நேராக ஆன்சி நின்றாள்.

சிலுவை நின்றதும் பேண்டு நின்றது. ஐரீனும் நின்றாள். பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். ஐரீன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் டோரதியின் வாசலுக்கு வர வேண்டிய பாக்கி ஒன்று இருந்தது. சவரிநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிலுவைவரை வந்தார். அதைத் தாண்டி ஓர் அடி வைக்க அவரால் முடியவில்லை.

"ஏம்மா நின்னுட்ட?"

"இந்த வூட்ல டோரதின்னு ஒருத்தி செத்தா. அவளுக்கு ஒரு பிரியதத்தம் சொல்லு."

வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசையப் பிரியதத்தத்தை, அந்த மரியாயின் ஜெபத்தை, சொல்லி முடித்தார்.

ஆன்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னாடி கீறவங்களுக்கு கேக்கல தலைவரே. பேரச் சொல்லி இன்னொரு தபா சொல்லு."

அவர் சொன்னார். இந்த முறை டோரதி என்ற பெயர் தெருக்கோடிவரை கேட்டது. அதற்குப் பிறகுதான் சிலுவை நகர்ந்தது.