வெர்னா கேட்ட சின்னச் சந்தேகம்

பிரெஸ்லின் கவுண்டி என்ற எங்கள் அமெரிக்க மாவட்டத்தின் சிறையில் வெர்னா காட்பி பதினேழு வருடமாக நர்ஸ். எண்பது பேருக்குக் கட்டிய கட்டடத்தில் நூற்று முப்பது பேர் கிடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான். டாக்டர் இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் இருக்கிறார். நான் அங்கே கதவு திறந்து மூடும் காவலன். அதனால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நிலக்கரிச் சுரங்கத்திலோ மர அறுப்பு ஆலையிலோ முதுகைக் கெடுத்துக்கொண்டு, வலி மாத்திரையில் ஆரம்பித்து, போதை ஊசியில் வந்து நின்றவர்கள். போதை இறங்கும் முதல் ஐந்து நாள் வாந்தி, பேதி, நடுக்கம், அலறல். அதற்கு எங்கள் கவுண்டி வகுத்திருந்த சிகிச்சை மிக எளிமையானது: ஒரு குவளை இஞ்சி சோடா, வயிற்றுப்போக்குக்கு ஒரு மாத்திரை, விருப்பப்பட்டால் பைபிள். விருப்பப்படாவிட்டாலும் பைபிள்.

அப்புறம் ஒரு நல்ல காலம் பிறந்தது. வலி மாத்திரை விற்ற கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டு வாங்கிய பணத்தை, சிறைக்குள்ளேயே சிகிச்சை கொடுக்கச் சொல்லி மாநில அரசு எங்களுக்கு அனுப்பியது. கவுண்டியின் போலீசையும் சிறையையும் நடத்தும் எங்கள் ஷெரீப் லோமன் டக்கெட் உடனே செயலில் இறங்கினார். யானை அளவில் ஒரு கறுப்பு வண்டி வாங்கினார். பக்கவாட்டில் தங்க எழுத்தில் 'மீட்சியின் பாதையில்' என்று எழுதியிருந்தது. அந்தப் பாதை எங்கே இருக்கிறதோ தெரியாது; வண்டி மான் வேட்டைக்குப் போனதை நான் பார்த்தேன்.

மிச்சத்தில் ஒரு சிகிச்சை அறை தயாரானது. சோபா, அருவிப் படம், கனத்த கம்பளம், கவுண்டியை நிர்வகிக்கும் குழுவின் உறுப்பினர்கள் மூவரின் பெயரும் பொறித்த பித்தளைத் தகடு. ரிப்பன் வெட்டினார்கள், கேக் வெட்டினார்கள். பிறகு சோபா அழுக்காகிவிடுமென்று அறையைப் பூட்டினார்கள். போதை ஏக்கத்தை அடக்கும் மருந்தை மட்டும் வாங்க மறந்துவிட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வெர்னா போனார். தலைவர் எர்வின் போல்க் கம்பளக் கடைக்காரர். அறையின் கம்பளம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"மருந்து எப்போ வரும், மிஸ்டர் போல்க்?"

"ஏம்மா, ஒரு போதைய விட வைக்க இன்னொரு போதையா? அதுவும் அரசாங்கச் செலவுல? அதுக்குப் பேசாம நாமளே கடை போட்டு வித்துடலாமே!"

கூட்டம் சிரித்தது.

"அப்போ அந்த ரூமு எதுக்கு?"

"மனசு அமைதிக்கு."

"பூட்டியில்ல கெடக்கு."

"அமைதியா இருக்குல்ல?" என்றார் போல்க். இன்னொரு முறை சிரித்தார்கள். வெர்னாவுக்குப் பேச ஒதுக்கிய மூன்று நிமிடம் முடிந்தது.

மே மாதம் டெல்மர் கோம்ப்ஸ் விடுதலையானான். கூரை வேலை செய்கிறவன். அறுபத்தொரு நாள் உள்ளே இருந்து உடம்பு தேறிப் போனான். அத்தனை நாளில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருந்தது, மனசு மறக்கவில்லை. பழைய அளவையே போட்டுக்கொண்டான். நாலாம் நாள் பெட்ரோல் பங்க் கழிப்பறையில் பிணமாகக் கிடந்தான்.

அவன் விட்டுப்போன ஜாக்கெட்டை வாங்க அவன் அம்மா வந்தாள். வெர்னாவே எடுத்து வந்து கொடுத்தார்.

"இங்க அவனுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

"இஞ்சி சோடா குடுத்தோம்மா." வெர்னாவுக்குப் பொய் சொல்ல வராது.

அந்த அம்மா ஜாக்கெட்டைத் தடவி மடித்துக்கொண்டாள். "அவனுக்கு அது பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வேலை முடிந்தும் வெர்னா வீட்டுக்குப் போகவில்லை. மாநில அரசோடு போட்ட ஒப்பந்தத்தை அலுவலகத்திலிருந்து வாங்கி, நாற்பத்திரண்டு பக்கத்தையும் படித்தார். எங்கள் கவுண்டியில் அதைப் படித்த முதல் மனிதப் பிறவி அவராகத்தான் இருக்கும். முப்பத்தோராம் பக்கத்தில், ஜூன் கடைசிக்குள் ஒரு ஆளுக்காவது மருந்து கொடுக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது.

அவர் ஷெரீப்பிடம் போகவில்லை, பத்திரிகைக்கும் போகவில்லை. மாநில அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் போட்டார். 'ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். சிகிச்சை பெற்றவர்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதலாமா, கோடு போட வேண்டுமா?'

மூன்றாம் நாள் ஷெரீப்புக்குத் தொலைபேசி வந்தது. கதவு திறந்திருந்ததால் என் காதில் விழுந்தது.

"எல்லாத்தையும் திருப்பணுமா?... வண்டியையுமா?"

வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார். "வெர்னாம்மா, நீங்க எங்கயாச்சும் லெட்டர் போட்டீங்களா?"

"ஃபாரம் நிரப்புறதுல ஒரு சந்தேகம். கேட்டேன். தப்பா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"உங்களுக்குத் தெரியுமா ஷெரீப்? சொல்லுங்க, பூஜ்யமா, கோடா?"

டெல்மரின் சாவு அசைக்காத மனிதரை வண்டி அசைத்துவிட்டது. மறுநாளே அவசரக் கூட்டம். இந்தச் சிகிச்சைக்காகத் தான் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டு வருவதாகப் போல்க் உருக்கமாகப் பேசினார். ஜூன் முடியும் முன், ஒன்பதே நாளில் மருந்து வந்தது. டாக்டரும் நேரில் உடம்போடு வந்தார். குரலை வைத்து நெட்டையான ஆள் என்று நினைத்திருந்தேன், குள்ளம்.

முதல் மாத்திரை ஷனா ரிட்ஜ்வேக்கு. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண், திருட்டு வழக்கு, வந்து இரண்டு நாளாகத் தரையில் சுருண்டு கிடந்தாள். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக் கரையும்வரை உட்கார வேண்டும்.

"ஐயோ, கசக்குது வெர்னா. உங்க மூஞ்சியே தேவலாம்."

"வாய மூடுடி. கரையட்டும்."

மூன்றாம் நாள் ஷனா இரண்டு தட்டு முட்டை சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டாள். வெர்னா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். செப்டம்பருக்குள் இருபத்து மூன்று பேர். எல்லாரும் தப்பிவிடவில்லை, ஒருவன் வெளியே போனதும் மருந்தை நிறுத்திவிட்டு, ஆகஸ்டில் செத்தான். வெர்னா சீருடையோடு சவ அடக்கத்துக்குப் போய்விட்டு, அதே சீருடையோடு வேலைக்குத் திரும்பினார்.

நவம்பரில் தலைநகரில் விழா. மனிதாபிமானத்துக்காக ஷெரீப்புக்குக் கேடயம் கொடுத்தார்கள். வெர்னாவை அழைக்கவில்லை. அவரும் போய்விட்டால் சிறையை யார் பார்த்துக்கொள்வது என்றார்கள். உண்மைதான், வேறு யாரும் இல்லை.

விழா நடந்த அன்றுதான் ஷனா விடுதலை. மருந்தைத் தொடர்ந்து தரும் கிளினிக் நாற்பது மைல் தள்ளி, பஸ் கிடையாது. வேலை நேரம் முடிந்ததும் வெர்னா தன் பழைய காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஷனா ஏறவில்லை. காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"பயமா இருக்கு வெர்னா."

"எனக்குந்தான். ஏறு, ஆறு மணிக்கு மூடிடுவான்."

ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். ஷனா இப்போது அந்தக் கிளினிக்குக்கு எதிர்த்த தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறாள், பேக்கரியில் வேலை. வெளியே போகிறவர்களை ஏற்றிப்போக ஒரு வேன் வேண்டுமென்று வெர்னா குழுவுக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறார். பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை அவரே ஓட்டுகிறார்.